முன்னே நிற்பவள்

யுன்ஷிக்கு மான்லியின்மீது பொறாமை தோன்றியது ஒரு நண்பகலில். உணவுக்கூடத்தில் ஆட்டெலும்புச் சாற்றில் மிதக்கும் பட்டையான நூடுல்ஸை வழித்து உண்டுவிட்டு அறைக்கு வந்த மான்லி, காலணியைக் கழற்றினாள், ஏணியில் ஏறினாள், கட்டிலில் சாய்ந்தாள், உறங்கிவிட்டாள். இவை நான்கும் ஒரே செயல் போல நிகழ்ந்தன. எதிர்க் கட்டிலில் படுத்திருந்த யுன்ஷி, திரைச்சீலையின் இடுக்கு வழியாக அந்த உறக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் சற்றே திறந்திருந்தது. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. உறக்கத்திற்குக் கூட ஓர் ஒழுங்கு வேண்டாமா?

கைஃபெங் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் மதிய உறக்கம் எல்லாருக்கும் உரியது. யுன்ஷிக்கு அது வாய்த்ததில்லை. இரவு உறக்கமும் அரைகுறைதான். சென்ற ஆண்டு பயிற்சிக்காக வகுப்பெடுக்க அவள் கரும்பலகையின் முன் நின்றபோது, நடுங்கிய விரல்களுக்கிடையில் சுண்ணக்கட்டி நொறுங்கித் தூளாகிப்போயிற்று. எழுத்துத் தேர்வென்றாலும் அதே நடுக்கம். கல்லூரி மருத்துவர் மருந்து எழுதவில்லை. "உடற்பயிற்சி வகுப்புல எட்டுப்பட்டு எடும்மா. மனசு அடங்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

எட்டுப்பட்டு என்பது எட்டு அசைவுகள் கொண்ட பழைய பயிற்சி. வானத்தைத் தாங்குவதுபோல் கைகளை உயர்த்துவது ஒன்று; வில்லை வளைப்பது ஒன்று; இப்படியே எட்டு. மெல்ல அசைந்து, மூச்சைத் தாழ்த்தி, மனத்தை அடிவயிற்றில் நிறுத்தவேண்டும். யுன்ஷி அதைப் பாடமாகவே படித்தாள். முழங்கை எவ்வளவு மடங்கவேண்டும், பார்வை எந்த விரல்நுனியில் நிற்கவேண்டும், குதிகால் எப்பொழுது எழவேண்டும் என்பனவற்றையெல்லாம் கண்ணாடியின் முன் நின்று திருத்தித் திருத்திக் கற்றாள். பருவத்தின் இறுதியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். நடுக்கம் மட்டும் எள்ளளவும் குறையவில்லை.

மான்லி தெற்கே ஹுனான் மலைப்பக்கத்திலிருந்து வந்தவள். ஆசிரியராக வேண்டுமாயின் சீனத்தின் பொதுமொழியைப் பிழையின்றிப் பேசிக்காட்டும் தேர்வில் தேறவேண்டும். அவள் இரண்டு முறை தோற்றாள். மலைப்பக்கத்து நாக்கு ஒலிவாங்கியின் முன்னே மடங்க மறுத்தது. சென்ற வசந்த காலம் முழுவதும் அவள் போர்வைக்குள் அழுதாள். அறையில் இருந்தவர்கள் பிறந்த நாளின் வரிசைப்படி ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வார்கள்: ஹுய்யான் பெரியக்கா, யுன்ஷி ரெண்டாக்கா, மான்லி கடைக்குட்டி. கடைக்குட்டியை அழவிட்டு வேடிக்கை பார்ப்பது ரெண்டாக்காவுக்கு அழகன்று.

"ஏய், எந்திரி. இப்படியே அழுதா மெத்தையில பாசி புடிச்சிரும். கீழ வா, கையக் கால ஆட்டலாம்" என்று யுன்ஷிதான் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கெல்லாம் வராது ரெண்டாக்கா. கையத் தூக்குனா தோளு காதுல இடிக்குது."

"தோள எறக்கு. மனச அடிவயித்துல வை."

"அங்க ஏற்கெனவே நூடுல்ஸ் இருக்கே. எடம் எங்க இருக்கு?"

அன்று யுன்ஷியின் நெஞ்சில் இருந்தது இரக்கம். இரக்கத்தில் ஓர் இன்பம் உண்டு. அது மேலேயிருந்து கீழே பார்க்கிறது. விடுதிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தவாறு இருவரும் அருகருகே நின்று நாள்தோறும் பயின்றார்கள். மான்லியின் முழங்கை தொய்ந்தது. வில்லை வளைக்கும்போது அவள் குதிரைமேல் அமர்ந்ததுபோல் கால் அகற்றி நிற்கும் குதிரை நிலையில் நிற்காமல், நாற்காலியைத் தேடுகிறவள்போல் அரைகுறையாய்க் குந்தினாள். நடுவில் பூனை போனால் பூனையைப் பார்த்தாள். அப்படியிருந்தும், கோடை விடுமுறைக்கு முன்பே அவளுடைய அழுகை நின்றது. உறக்கம் வந்தது. பசி வந்தது. மூன்றாம் முறை தேர்வுக்குப் போனவள் போகும் வழியில் பேருந்திலேயே உறங்கிப்போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, ஓடோடிச் சென்று, மூச்சிரைக்கப் பேசித் தேறிவிட்டாள்!

"குரு கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கா, சிஷ்யை குறட்டை விடுறா. நல்ல பள்ளிக்கூடம்டி இது!" என்று ஹுய்யான் சிரித்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். யுன்ஷியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. முறையாகக் கற்றவளுக்கு ஒன்றும் கிட்டவில்லை. முறையைக் கெடுத்தவளுக்கு எல்லாம் கிட்டிவிட்டது. இந்த அநீதியை எந்தத் துறைத்தலைவரிடம் முறையிடுவது? மதிப்பெண்ணுக்குப் பொருள்தான் என்ன? மான்லியின் குறட்டை ஒவ்வொன்றும் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டதாகவே அவளுக்குப் பட்டது.

இலையுதிர் காலத்தில் புதிய மாணவர்கள் வந்தார்கள். கட்டாயப் படைப்பயிற்சியின் வெயிலில் கறுத்து, வீட்டை நினைத்து, தொலைபேசியும் கையுமாக மூலைக்கு மூலை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காலைதோறும் எட்டுப்பட்டுப் பயிற்சி அளிப்பதென்று கல்லூரி முடிவு செய்தது. கொடிமேடையில் நின்று நடத்திச்செல்ல மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தேவை. யுன்ஷிக்கு அன்று ஓர் உறுதி பிறந்தது. உறக்கம் போனால் போகட்டும். இந்த இடம் தனக்குத்தான். வேறு யாருக்கு?

உடற்பயிற்சித் துறையின் கே என்னும் ஆசிரியை இருவரையும் அழைத்தார். நேரே பேசுகிற பெண்மணி அவர்.

"மான்லி, நீ மேடையில நிக்கிற."

"நானா? எனக்கு முழங்கையே சரியா வராது டீச்சர்."

"தெரியும். பாத்திருக்கேன்."

யுன்ஷி ஓரடி முன்னே வந்தாள். "டீச்சர், போன பருவம் முதல் மார்க் எனக்குத்தான்..."

"அதுவும் தெரியும். நாந்தானே போட்டேன். இங்க பாரு, வந்திருக்கிற பிள்ளைங்க ஏற்கெனவே பயந்து போயிருக்கு. உன்னைப் பாத்தா, தப்பாச் செஞ்சா அடி விழும்னு இன்னும் பயப்படும். சாயங்காலம் விடுதிக்குப் பின்னால நீங்க ரெண்டு பேரும் செய்றப்ப நான் கவனிச்சிருக்கேன். போற வர்ற பொண்ணுங்க வந்து இவ பக்கத்துல சேந்துக்குது. உன் பக்கத்துல ஒண்ணு கூட நிக்கல." ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவ அசைவத் திருத்துறது உன் பொறுப்பு. மேடையில நிக்கிறதுக்கு என்னென்ன தெரியணுமோ எல்லாம் சொல்லிக் குடு. ஒரு வாரம் இருக்கு."

மதிப்பெண் இட்ட கையே அதை மதிக்காமல் போவதைக் காட்டிலும் கொடிய அவமதிப்பு ஒரு மாணவிக்கு உண்டா? யுன்ஷி தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். மான்லி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ரெண்டாக்கா, நீ திட்டித் திட்டியாவது எனக்குச் சொல்லிக் குடுத்துரு. மானம் போயிரும்."

"போகாது" என்றாள் யுன்ஷி.

அவள் கற்றுக்கொடுத்தாள். இதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. முழங்கையைத் தட்டி உயர்த்தினாள், இடுப்பைப் பிடித்துக் குதிரை நிலையில் அமர்த்தினாள், பூனையை விரட்டினாள். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. மேடையில் நிற்பவர் கூட்டத்தைப் பார்த்து நிற்பார். எட்டுப்பட்டின் அசைவுகள் இடப்பக்கம் தொடங்குபவை. ஆகவே, கூட்டம் இடப்பக்கம் போகவேண்டுமாயின், முன்னே நிற்பவர் தம் வலப்பக்கம் போகவேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவம்போல, அனைத்தையும் திருப்பிப் போட்டு ஆடவேண்டும். கே ஆசிரியையின் வகுப்பில் படித்தவர்களுக்கு இது தெரியும். அந்த வகுப்பை எடுக்காத மான்லிக்குத் தெரியாது. அவள் எப்பொழுதும் யுன்ஷியின் அருகே நின்று சுவரைப் பார்த்தே பயின்றவள். அந்த வாரமும் இருவரும் சுவரைப் பார்த்தே நின்றார்கள்.

எதிரே வந்து நில் என்று சொல்லப் பலமுறை நா எழுந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, கேட்டால் சொல்லியிருப்பேனே என்று யுன்ஷி தனக்குத்தானே வாதாடினாள். ஆனால், கேட்கத் தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? அந்த வினாவுக்கு அவள் தன்னிடமே விடை சொல்லவில்லை.

அந்தக் காலையும் வந்தது. திடலில் புதிய மாணவர்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். முன்வரிசையின் நடுவில், மாதிரிக்காக, யுன்ஷி. மேடையில் மான்லி, சலவை செய்த வெள்ளைச் சட்டையில், வெட்கமும் சிரிப்புமாக. ஒலிப்பெட்டியில் புல்லாங்குழல் எழுந்தது. முதல் அசைவு இரு கைகளையும் ஒருசேர உயர்த்துவது. அதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. அது அழகாகவே முடிந்தது.

இரண்டாவது, வில் வளைத்தல். மான்லி தன் இடப்பக்கம் காலெடுத்து வைத்தாள். பள்ளியில் இதைப் பயின்றிருந்தவர்கள் தங்கள் இடப்பக்கம் போனார்கள். பயிலாதவர்கள் மேடையைப் பார்த்து வலப்பக்கம் போனார்கள். இரு திசைகளிலிருந்தும் விற்கள் வளைந்தன. முழங்கைகள் மோதின. யாரோ ஒருவனின் மூக்குக்கண்ணாடி பறந்தது. "ஏய், என் காலு!" என்று ஒருத்தி கத்தினாள். "இடதா வலதா, ஒரு முடிவுக்கு வாங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கூவினான்.

யுன்ஷி மட்டும் பிழையின்றி வில்லை வளைத்து நின்றாள். இதோ, இப்பொழுது முகம் சிவந்து, அழுதுகொண்டு, மேடையைவிட்டு இறங்குவாள் என்று காத்திருந்தாள்.

"ஐயய்யோ!" மான்லி வாயில் கைவைத்தாள். "யார் மூக்காவது உடைஞ்சிருச்சா? இல்லையே? அந்தக் கண்ணாடிய மிதிக்காம யாராவது எடுங்க. நான் எதையோ தலைகீழாச் செய்றேன் போல. என்னன்னு எனக்கே புரியல. நீங்க உங்க இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போங்க, பக்கத்துல இருக்கிறவங்கள மட்டும் அடிச்சிராதீங்க!"

திடல் முழுவதும் சிரித்தது. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து சிரிக்காத பிள்ளைகளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னர் மீண்டும் கைகளை உயர்த்தினார்கள். தோள்கள் தாமாகவே தளர்ந்திருந்தன. இடமும் வலமும் கலந்து, கோணலும் மாணலுமாக, அந்தக் கூட்டம் மகிழ்ச்சியாக ஆடத் தொடங்கியது. பிழைக்குக் கிடைக்கவேண்டிய தண்டனை பாராட்டாகத் திரும்பி வருவதை யுன்ஷி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏழாவது அசைவு வந்தது. கைமுட்டியை இறுக்கி முன்னே நீட்டி, விழிகளை உருட்டிச் சினத்தோடு நோக்கவேண்டிய அசைவு அது. வலிமை பெருகுமாம். புதிய மாணவர்கள் முறைக்க முயன்று சிரித்துவிட்டார்கள். யுன்ஷி முறைத்தாள். அவளுக்கு முயற்சியே தேவைப்படவில்லை. நேர் எதிரே, பத்தடி தொலைவில் நின்ற மான்லியின் கண்கள் அந்தப் பார்வையில் வந்து மாட்டிக்கொண்டன. மேடையிலிருந்த சிரிப்பு அணைந்தது. மான்லியின் நீட்டிய கைமுட்டி அப்படியே நின்றது. அவள் யுன்ஷியைப் பார்த்தாள். யுன்ஷியின் இடக்கையைப் பார்த்தாள். தன் இடக்கையைப் பார்த்தாள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பயிற்சி முடிந்ததும் கே ஆசிரியை ஊதலை மார்பில் ஆட்டிக்கொண்டு விரைந்து வந்தார்.

"என்ன கூத்து இது? திருப்பிப் போட்டு ஆடணும்கிற அடிப்படை கூடத் தெரியாதா? யுன்ஷி, நீ இவளுக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

யுன்ஷி வாய் திறப்பதற்குள் மான்லி முந்திக்கொண்டாள். "சொன்னாங்க டீச்சர். நாந்தான் பதட்டத்துல மறந்துட்டேன்."

ஆசிரியை பெருமூச்சு விட்டார். அத்தோடு அது முடிந்திருக்கும். ஆனால் யுன்ஷியால் பொறுக்க முடியவில்லை. உறக்கத்தைப் பெற்றாள், தேர்வில் தேறினாள், மேடையைப் பெற்றாள், திடலின் சிரிப்பையும் பெற்றாள். இப்பொழுது பெருந்தன்மையும் அவளுக்கேவா? அதையாவது அவள் கையிலிருந்து பிடுங்கவேண்டும்.

"பொய் சொல்றா டீச்சர். நான் சொல்லல."

"மறந்துட்டியா?"

"மறக்கல. அவ எல்லார் முன்னாடியும் தப்புப் பண்ணணும்னுதான் சொல்லல."

சுற்றி நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கே ஆசிரியை ஊதலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ஏசுவார் என்று யுன்ஷி எதிர்பார்த்தாள். "போய்ச் சாப்பிடுங்க ரெண்டு பேரும். அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

உணவுக்கூடத்திற்குப் போகும் வழியில் மான்லி வெடித்தாள்.

"உனக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதா? நாந்தான் மூடி மறைச்சேன்ல?"

"யாரு உன்னை மறைக்கச் சொன்னா? நீ நல்லவளா இருக்கிறத என்னால தாங்க முடியல."

"நல்லவளா? நானா?" மான்லி நின்றேவிட்டாள். "அடிப்பாவி! எனக்குப் பசி. உண்மையச் சொன்னா டீச்சர் அரைமணி நேரம் பேசுவாங்க, மிளகு சூப்பு தீந்துரும். அதுக்காகச் சொன்னேன். இவ்வளவுதான் விஷயம்."

பறித்து எறிந்துவிட்டதாக யுன்ஷி எண்ணியிருந்த பெருந்தன்மை அங்கே இருக்கவேயில்லை.

"கோவமே இல்லையா உனக்கு?" என்று ஈனக்குரலில் கேட்டாள்.

"ஏன் இல்ல? அந்த ஏழாவதுல உன் கண்ணப் பாத்தப்ப எனக்கு அடுத்த அசைவே மறந்து போச்சு. போர்வைக்குள்ள அழுதப்ப என்னை எழுப்பி இழுத்துட்டுப் போனது இதே ஆளுதானான்னு நெனச்சேன்." மான்லி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மேடை என்ன, எங்கப்பன் வீட்டுச் சொத்தா? அவ்வளவு ஆசைன்னா கேட்டிருக்கலாமே. எடுத்துக்கோன்னு குடுத்திருப்பேன். நாளைக்கு நீயே நில்லு. நான் டீச்சர்கிட்ட சொல்லிடறேன்."

அவள் தன் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தொலைவில் வேறொரு மேசையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் தனித்தனி மேசையில் உண்டது அன்றுதான் முதல் முறை. யுன்ஷியின் கிண்ணத்தில் ஏடு படிந்தது. தான் உறக்கத்தை விற்றுக்கூட வாங்கத் துணிந்திருந்த இடத்தை, வேண்டாத சட்டையைக் கழற்றிப் போடுவதுபோல் ஒருத்தி போட்டுவிட்டுப் போகிறாள்! அதிலும் தோற்றாயிற்று.

மறுநாள் காலை யுன்ஷி மேடையில் நின்றாள். அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, அவளுக்கு அது வேண்டியிருந்தது. புல்லாங்குழல் எழுந்தது. ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, ஒரு விரல்நுனி கூடத் தவறாமல் ஆடினாள். கூட்டம் ஒழுங்காக இடப்பக்கம் போயிற்று. ஒழுங்காக வலப்பக்கம் போயிற்று. ஒரு முழங்கையும் மோதவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அவளுடைய விரல்கள் நடுங்கத் தொடங்கின. மறைக்க இடமில்லை. அது திடலெங்கும் தெரியும்.

முன்வரிசையில், மாதிரிக்காக, மான்லி நின்றிருந்தாள். அவள் யுன்ஷியின் முகத்தை ஒருமுறையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கைகளை மட்டும் தொய்வாக, மெத்தென்று உயர்த்திக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி நின்ற நாலைந்து பிள்ளைகள் மேடையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தே ஆடுவதை யுன்ஷி கண்டாள். நெஞ்சு காந்தியது. ஆனால் அவளுடைய கண்களும் வேறெங்கும் போக மறுத்தன. பின்னால் திரும்பிப் பார்க்கும் நான்காவது அசைவின் நடுவே மான்லி நன்றாக வாய் பிளந்து, கண்ணில் நீர் வர, ஒரு கொட்டாவி விட்டாள். பக்கத்தில் நின்றவன் கொட்டாவி விட்டான். அவனுக்குப் பின்னால் நின்றவள் விட்டாள். அது வரிசை வரிசையாகப் பரவிப் பின்னுக்குப் போயிற்று.

யுன்ஷி தாடையை இறுக்கினாள். மேடையில் நிற்பவள் கொட்டாவி விடுவது முறையன்று. பற்களைக் கடித்தாள், மூக்கை விடைத்தாள். ஆயினும் அது எங்கோ அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, தோள்களைத் தள்ளிக்கொண்டு, காதுகளை அடைத்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் வெளியே வந்துவிட்டது. முழங்கைகள் தொய்ந்தன. ஓர் அசைவு தவறிப்போயிற்று. கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கொட்டாவி வரவழைத்த கண்ணீரின் ஊடே அவள் பார்த்தபோது, மான்லி முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. இந்த உறக்கமும் அவளிடமிருந்துதான் வரவேண்டுமா என்று யுன்ஷிக்கு எரிச்சல் மூண்டது. அந்த எரிச்சல் தீர்வதற்குள் அடுத்த கொட்டாவி கிளம்பிவிட்டது.